நாளத்தின் அகலம்

சின்னசேலத்தில் ஒருவனுக்கு அடிக்கடி மேல்வயிறு வலித்து முதுகுவரை பாய்கிறது என்றால், ஊரார் நோயின் பெயரைக் கேட்பதில்லை; எவ்வளவு குடிக்கிறான் என்றே கேட்பர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின் அக்கேள்வி இன்னும் கூர்மையாயிற்று. எம் அக்காள் மகனைக் குறித்து நாமும் அவ்வாறே எண்ணினோம். "மாமா, நான் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை" என்று அவன் சொன்னபோது தலையசைத்தோம், உள்ளத்தில் நம்பவில்லை.

பின்னர் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி மருத்துவர் விளக்கினார். கருவில் கணையம் இரு மொட்டுகளாகத் தோன்றுகிறது. ஏறத்தாழ ஏழாம், எட்டாம் வாரத்தில் அவை ஒன்றுசேர, அவற்றின் நாளங்களும் இணைகின்றன. மேலைநாடுகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு நாளங்கள் இணைவதில்லை. அவர்களுக்குச் செரிமான நீரின் பெரும்பகுதி சிறிய வாயில் வழியாகவே குடலைச் சேர்கிறது. பெரும்பாலோர் இதை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். கணைய நாளத்தின் அகலம் தலைப்பகுதியில் சுமார் 3 மில்லிமீட்டர். வால்பகுதியில் 1 மில்லிமீட்டர் அளவே. சிறிய வாயில் போதாமல் நீர் தேங்கினால், சிலருக்கு நாளம் விரிந்து கணையம் அழற்சியுறக்கூடும். மரபணுக் குறையும் உடன்சேர்வதுண்டு. எம் மருமகனின் நாளம் விரிந்திருந்தது. அவன் பிறக்கும் முன்பே அமைந்த வழி அது.

நம் புனித அந்தோனியாரின் பதுவை நகரில், 1642-ஆம் ஆண்டு, விர்சுங் என்ற ஜெர்மானிய மருத்துவர் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் இந்நாளத்தை முதன்முதல் கண்டார். அதன் பயன் அவருக்கு விளங்கவில்லை. செப்புத் தகட்டில் அதன் உருவைச் செதுக்கி, படிகளை அறிஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்தப் பணிவு எம்மிடம் இல்லை.

படத்தைக் கண்டு மனம் இளகியதும் எம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம். குடியாலும் நாளம் விரியலாம். ஆகவே, குடியின்றியும் இந்நோய் வரும் என்பதையே படம் சொல்லிற்று. அவன் குடிக்கவில்லை என்று அது சான்று பகரவில்லை. அதற்குச் சான்று அவனுடைய சொல் ஒன்றே. அச்சொல் முதல் நாளே எம்மிடம் இருந்தது. தூக்கி வளர்த்த பிள்ளையின் வாய்மொழியைவிட மில்லிமீட்டர்க் கணக்கு எமக்குப் பெரிதாகிவிட்டது!

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவம் இது என்று இயேசுவிடம் வினவினர். அவரோ அக்கணக்கை ஏற்கவில்லை. அவன் கண்ணைத் திறந்தார். அந்நற்செய்தியைத் திருப்பலியில் எத்தனை முறை கேட்டிருப்போம்! ஒருவேளை மருமகன் குடித்தே இருந்தாலும், அவனருகே அமர்ந்து வயிற்றைத் தடவிக் கொடுக்க எமக்கு என்ன தடை இருந்தது?

சென்ற வாரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்கள் மாமா" என்று சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டை எம் கையில் கொடுத்தான். மருந்துக் கடைக்கு நாமே நடந்தோம்.