மடங்காத கத்தி

கத்தியைப் பற்றி எழுதப் புகுந்தால் படிப்பவர் மனத்தில் முதலில் எழுவது குருதியின் நினைவாகத்தான் இருக்கும். அடுக்களையில் நாள்தோறும் கையாளப்படும் ஒரு கருவி, வீட்டு வாசலைத் தாண்டியதும் ஆயுதமாகிவிடுகிறது. பொருள் மாறவில்லை, அது இருக்கும் இடம்தான் மாறியிருக்கிறது. அன்றாடம் உடன் எடுத்துச் செல்வதற்கு மடக்குக்கத்தி ஏற்றதா, உறையில் செருகும் சிறிய கத்தி ஏற்றதா என்ற, பார்வைக்கு மிக அற்பமான கேள்வி ஒன்று எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பேசப்பட்டது. முடிவில் உறைக்கத்தியைத் தேர்ந்தோம். ஆனால் எந்தக் காரணங்களோடு பேசத் தொடங்கினோமோ, அந்தக் காரணங்களுக்காக அதைத் தேரவில்லை.

நாங்கள் கணவனும் மனைவியுமாகச் சுவீடனில் வாழ்பவர்கள். ஒன்பது வயதில் ஒரு மகள். இந்நாட்டில் கத்தி அவ்வளவு இயல்பான துணை. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் சென்று கன்ட்டரெல் என்னும் மஞ்சள் காளானைப் பறிப்பவர்கள் அங்கேயே அடித்தண்டைச் சீவி மண்ணை நீக்கிக் கூடையில் இடுகிறார்கள். பிறர் நிலத்திலுள்ள காட்டிலும் எவரும் நடக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம் என்னும் உரிமை இங்கே மிகப் பழையது. 1994இல் அரசியலமைப்பிலும் இடம்பெற்றது. அந்த உரிமையை நாங்கள் ஆர்வத்தோடு பயன்படுத்துபவர்கள். காளான், ஏரி மீன், அடுப்பு மூட்டச் சுள்ளி, மதிய உணவுக்கு ஆப்பிள், தோட்டத்தில் கயிறு என்று கத்திக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

முதலில் எங்களிடம் இருந்தது மடக்குக்கத்திதான். அதன் அழகை மறுப்பதற்கில்லை. ரோமானியர் காலத்திலேயே மடக்குக்கத்திகள் இருந்தன. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890 வாக்கில் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியும், சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகளின் கத்தியும் மனிதக் கை கண்ட இனிய பொருட்களின் வரிசையில் வைக்கத்தக்கவை. ஒப்பினெல் கத்தியில், திறந்த அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல்தான் வந்து சேர்ந்தது. அறுபதாண்டுகளுக்கு மேலாக அது பூட்டின்றியே உழவர்களின் பையில் வாழ்ந்திருக்கிறது.

ஆனால் மடக்குக்கத்தி என்பது இயல்பிலேயே ஓர் எந்திரம். அலகு ஓர் அச்சில் சுழல்கிறது. வில்லோ பூட்டோ அதை நிறுத்துகிறது. அலகு ஒளிந்துகொள்ள வேண்டுமாதலால் பிடி அலகைவிட நீண்டதாகவும் உட்புறம் குடையப்பட்டதாகவும் இருந்தே தீரவேண்டும். அந்தக் குடைவில் மீனின் பசையும் மண்ணும் ஆப்பிள் சாறும் சென்று தங்குகின்றன. கழுவினால் உள்ளே ஈரம் நிற்கிறது. ஈரம் நின்றால் துரு. பனிக்காலத்தில் கையுறையை அணிந்துகொண்டு நகத்தால் அலகைத் திறக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூட்டில்லாத மடக்குக்கத்தியின் முதுகில் தவறான கோணத்தில் விசை விழுந்தால் அது விரலின் மீதே மடங்கும்.

உறைக்கத்தியில் இவை எதுவும் இல்லை. அலகின் வால் பிடிக்குள் இறங்கி அசையாமல் நிற்கிறது. அவ்வளவுதான் அதன் பொறியியல். டாலர்னா மாகாணத்தில் மோரா ஊரை அடுத்த ஓஸ்ட்னூர் என்னும் சிற்றூர் இத்தகைய கத்திகளுக்குப் பேர்போனது. அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டித் திரும்பிய ஒருவர் 1891இல் அங்கே மரம் இழுக்கும் சறுக்குவண்டிகளைச் செய்யும் பட்டறை தொடங்கினார். அவ்வேலைக்குத் தேவைப்பட்ட கத்திகளையும் அங்கேயே செய்தனர். வண்டிகள் மறைந்தன, கத்திகள் நிலைத்தன. இவ்வகைக் கத்தியின் இரு பக்கங்களிலும் அகலமான ஒரே சரிவு உண்டு. அச்சரிவைச் சாணைக்கல்லின் மீது படிய வைத்துத் தேய்த்தால் போதும். கோணத்தைக் கல்லே கற்றுத் தரும். எங்களுடையது ஏழு சென்டிமீட்டர் அலகுடைய சிறிய கத்தி. தோலுறையோடு சேர்த்தும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

மடங்குவதா, மடங்காததா என்ற இத்தேர்வு தமிழருக்கும் அந்நியமானதன்று. ஓலையில் எழுதியவர்கள் ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி வேண்டியவர்கள். அதனால் எழுத்தாணியும் கத்தியும் ஒரு பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணியும் இருந்தது. தலைப்பிலேயே கத்தி அமைந்த, மடங்காத வாரெழுத்தாணியும் இருந்தது. பின்னாளில் இறகு சீவிய ஆங்கிலேயரின் கருவி பேனாக்கத்தி என்ற பெயரோடு நம்மிடம் வந்தது. எழுத்தின் அருகே எப்போதும் ஒரு கத்தி இருந்திருக்கிறது.

இதுவரை கூறியவை கருவியின் நிறைகுறைகள். இவற்றைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பதாயிருந்தால் எங்கள் பேச்சு ஒரு மாலைப்பொழுதில் முடிந்திருக்கும். அது நீண்டதற்குக் காரணம் சட்டமும், சட்டத்திற்கு அப்பால் உள்ள கண்களும்.

சுவீடனில் 1988ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, பொது இடத்திலும் பள்ளி வளாகத்திலும் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. பொருளின் தன்மையும் தேவையும் சூழலும் நியாயப்படுத்தினால் விலக்கு உண்டு. பையில் கிடக்கும் சிறு பேனாக்கத்தியைப் பொதுவாக எவரும் பொருட்படுத்துவதில்லை. அதே 1988இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட குற்றவியல் நீதிச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்திக்கு அங்கே காரணம் சொல்ல வேண்டியதில்லை. உறைக்கத்தியாயின் எவ்வளவு சிறியதாயினும் காரணம் சொல்லியாக வேண்டும். ஆக, கைக்குப் பாதுகாப்பானது எதுவோ அதையே சட்டம் கூடுதலாக ஐயுறுகிறது. இதில் முரண் இருப்பதுபோல் தோன்றினும் சட்டத்தின் பார்வை புரியாததன்று. திறக்க வேண்டிய கத்தி ஒரு கணத் தாமதத்தைத் தருகிறது; உருவ வேண்டிய கத்தி அதைத் தருவதில்லை.

2003 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் ஸ்டாக்ஹோமின் பல்பொருள் அங்காடி ஒன்றில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். மெய்க்காப்பாளர் இன்றிக் கடைக்குச் செல்லும் அமைச்சரைக் கொண்ட நாடு என்னும் பெருமிதத்தின் மீது விழுந்த குத்து அது. கட்டடத் தொழிலாளரின் காற்சட்டையில் கத்தியுறையை மாட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் தைக்கப்பட்டிருக்கும் நாடும் இதுவே. தொடையில் கத்தி தொங்க நிற்கும் தச்சரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் நிறத்தில், எங்கள் முகத்தோடு ஒருவர் அவ்வாறு பேருந்தில் நின்றால் பார்ப்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கணக்கில் கொள்ள வேண்டிய ஒன்றாகச் சொல்கிறோம்.

எங்களுள் ஒருவர் இதனாலேயே மடக்குக்கத்தியை ஆதரித்தார். பையின் ஆழத்தில் கிடப்பதை எவரும் காண்பதில்லை. காணாததற்கு விளக்கம் தேவையில்லை. புலம்பெயர்ந்தவர் வாழ்வில் விளக்க வேண்டியவை ஏற்கெனவே ஏராளம் என்பது அவர் வாதம். மற்றவர் மறுத்தார். எவரும் காணாததை நாமும் காண்பதில்லை. பையில் கிடப்பதை மறந்தே பள்ளிக் கூட்டத்துக்கும் விமான நிலையத்துக்கும் செல்வோம். மறைந்திருப்பதே அதன் வசதி, மறக்கப்படுவதே அதன் ஆபத்து என்றார். இரு வாதங்களும் சம எடையோடு பல மாதங்கள் நின்றன.

முடிவை எட்ட வைத்தது மகளின் பள்ளி. கைவினை இங்கே இன்றும் கட்டாயப் பாடம். அதற்குப் பின்னால் நீண்ட மரபு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நேஸ் என்னும் இடத்தில் ஒட்டோ சாலமன் ஆசிரியர்களுக்குக் கைவினைப் பயிற்சி அளித்தபோது, குழந்தையின் கையில் முதலில் தரவேண்டிய கருவியாகக் கத்தியையே கொண்டார். குழந்தை வீட்டிலேயே அறிந்த கருவி அது என்பதால். எங்கள் மகளும் மரத்தில் ஒரு வெண்ணெய்க்கத்தி செதுக்கிக் கொண்டுவந்தாள். கத்தியைக் கொண்டு கத்தி செய்த பெருமை அவள் முகத்தில் இருந்தது. வகுப்பில் தரப்பட்டது மடங்காத கத்தி. அவள் எங்களுக்குச் சொன்ன விதிகள் மிகச் சில: உட்கார்ந்துதான் செதுக்க வேண்டும், உடலை விட்டு வெளிப்புறமாகச் சீவ வேண்டும், கை நீளும் வட்டத்துக்குள் எவரும் இருக்கலாகாது, வேலை நின்ற கணமே கத்தி உறைக்குள் போக வேண்டும்.

இறுதி விதிதான் எங்களை நிறுத்தியது. உறைக்கத்திக்கு இரண்டே நிலைகள்: வேலையில் இருப்பது, உறையில் இருப்பது. மடக்குக்கத்திக்கோ பாதி திறந்த நிலை, பூட்டாத நிலை, மடக்க மறந்த நிலை என இடைநிலைகள் பல. ஒரு குழந்தைக்குக் கற்பிக்கத் தக்கது இரண்டு நிலைகளே உடைய பொருள்தான். உறைவது என்றால் தங்குவது. உறை என்ற சொல்லிலும் அந்தத் தங்குதல் கேட்கிறது. கத்திக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே பாதிப் பாதுகாப்பு.

பெரியவர்களாகிய எங்களுக்கும் அது பொருந்தியது. இப்போது கதவருகே ஆணியில் கத்தி தொங்குகிறது. காலையில் கிளம்பும்போது, இன்று எங்கே செல்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகே அதை எடுக்கிறோம். காடு, ஏரி, தோட்டம் என்றால் எடுத்துக்கொள்வோம். அங்கே செல்லும் பேருந்தில் அது உணவுப் பெட்டியோடு முதுகுப்பையின் அடியில் இருக்கும். காட்டின் விளிம்பில் இடுப்புக்கு வரும். அலுவலகம், பள்ளி, நகரம் என்றால் அது ஆணியிலேயே இருக்கும். வாரத்தில் மூன்று நாட்கள் உடன் வருகிறது; நான்கு நாட்கள் வருவதில்லை. அந்த நான்கு நாட்களில் பொட்டலத்தைச் சாவியால் கிழிக்கிறோம், ஆப்பிளைக் கடித்துத் தின்கிறோம். நாள் தவறாமல் சுமப்பது அன்று, நாள்தோறும் தீர்மானிப்பதே எங்களுக்கு அன்றாடம் என்றாயிற்று.

மகளுக்கும் இவ்வாண்டு முனை மழுங்கிய சிறு கத்தி ஒன்று வாங்கினோம். அவள் ஆணி எங்கள் ஆணிக்குச் சற்றுத் தாழ்வாக இருக்கிறது. காட்டில் எதிர்ப்படும் முதியவர்கள் அவள் இடுப்பில் கத்தியைக் கண்டு மகிழ்கிறார்கள். கூடையில் என்ன கிடைத்தது என்று கேட்கிறார்கள். பதினேழு வயதில் அவள் அதே கத்தியோடு அதே பாதையில் வரும்போது அவர்கள் பார்வை எவ்வாறிருக்கும் என்பதை எங்களால் இப்போது சொல்ல இயலாது. அன்று எவரேனும் அவளை நிறுத்தி, இது எதற்கு என்று கேட்டால், தடுமாறாமல் சொல்ல அவளிடம் ஒரு விடை இருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் ஆணியருகே நின்று அவள் பழகிவருவது அந்த விடையைத்தான்.