பின்வரிசை

நாளிதழ் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கினால் கல்லூரி நூலகத்தின் கீழ்த்தளத்தில் எண்பது நாற்காலி போடலாம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். பேச்சுக்கு இன்ன துறை என்று வரையறை கிடையாது. ஒரு மாதம் கல்வெட்டு, ஒரு மாதம் சர்க்கரை நோய், ஒரு மாதம் செயற்கைக்கோள். இன்று பாம்பு.

வாசல் கரும்பலகையில் 'பொதுமக்களும் வரலாம்' என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர்கள் எல்லோரும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். காக்கிச் சட்டையோடு மின்வாரிய ஒயர்மேன். நடவுக்குப் போகும் ஓர் அம்மாள். மகள் இங்கேயே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அம்மாள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறார். மற்றவர்கள் கால்களில் செருப்பைக் கண்டதும் தன் பாதங்களை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொள்கிறார்.

பேச வந்தவர் விலங்கியல் பேராசிரியர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று திரையில் நான்கு படம் போட்டார். நம் நாட்டுப் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பகுதி இந்த நான்கால்தான். 2000 முதல் 2019 வரையிலான கணக்கில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். தபால்காரர் அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

கட்டுவிரியனுக்கு வந்தபோது பேராசிரியரின் குரல் தணிந்தது. அது இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் நுண்ணியது. பல நேரம் வலி தெரியாது, வீக்கமும் இராது. விடியும்போது வயிற்றுவலி வரும். இமை தானாக இறங்கும். பிறகு மூச்சு திணறும்.

அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஐயா, எங்க தெருவுல ஒரு பையன் வெள்ளன எந்திரிச்சு வயித்து வலின்னான். சோடா வாங்கிக் குடுத்தாங்க. பொழுது சாயறதுக்குள்ள போயிட்டான். ஒடம்புல ஒரு தடமும் இல்ல. இதானுங்களா?"

பேராசிரியர் மைக்கை வைத்துவிட்டுப் பின்வரிசைக்கே நடந்து வந்தார். "இருக்கலாம்மா. பாக்காம உறுதியாச் சொல்லக் கூடாது. ஆனா நீங்க சொல்ற அடையாளம் அதோடதுதான்."

அதற்குமேல் அவர் பேசியது முழுக்கப் பின்வரிசைக்குத்தான். தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகுங்கள். கடிபட்டால் கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். ஓடவிடாமல் படுக்கவைத்து 108-க்குச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மருந்து பிறக்கும் கதையையும் சொன்னார். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் நஞ்சு எடுக்கிறார்கள். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள்தான் மருந்து. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள் என்றபோது கைதட்டலைத் தொடங்கியது பின்வரிசை.

பேச்சு முடிந்தது. கதவோரம் ஒரு மேசையில் பாம்பு, நச்சு, முதலுதவி பற்றிய நூல்களை நூலகர் பரப்பி வைத்திருந்தார். நல்ல நூலகர் செய்கிற வேலை இது. ஒயர்மேன் படம் போட்ட ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாங்களா?"

"வெளியாட்களுக்குக் குடுக்க விதி இல்லைங்க. இங்கேயே உக்காந்து படிக்கலாம்." நூலகருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

ஒயர்மேன் கட்டுவிரியன் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்தார். அம்மாள் தொடவே இல்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தம் நூலக விதிகளை முதன்முதலில் சொன்னதும் ஒரு கல்லூரியில்தான். 1928 டிசம்பரில், சிதம்பரத்து மீனாட்சி கல்லூரியில். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. மூன்றே ஆண்டில், 1931-இல், மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அன்று வண்டி ஊருக்கே போனது. இன்று வாசகர் தாமே நடந்து வந்து கேட்கிறார்.

கல்லூரி முதல்வர்களே, நூலகர்களே, இந்தக் கூட்டங்களை விடாமல் நடத்துங்கள். கூடவே, கூட்டத்துக்கு வரும் ஊர்க்காரர்களுக்குச் சிறு முன்பணத்தில் ஓர் உறுப்பினர் அட்டை கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம் கொடுத்தால் போதும்.