திரையின் ஒப்பனை

தான் வாழும் இடத்தை அணிசெய்ய விரும்புவது மனித இயல்பு. நாள்தோறும் நெடும்பொழுது நோக்கியிருக்கும் கணினித் திரையும் அவ்விருப்பத்திற்கு விலக்கன்று. திரைக்கு அமையும் ஒப்பனையைத் 'தீம்' என்பர்.

லினக்ஸ் கணினிகளில் வழங்கும் திரைச்சூழல்களுள் ஒன்று க்னோம். 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இதற்கு ஆர்வலர் பலர் ஒப்பனைகளை ஆக்கி இலவசமாக வழங்குகின்றனர். அவற்றுள் ஒன்றைத் தன் கையாலேயே பொருத்த முயலும் மாணவன் படும்பாடு சிறிதன்று.

ஒப்பனை சுருக்கிய கோப்பாக வந்து சேர்கிறது. அதனை விரித்து, அவனுக்குரிய இல்லக் கோப்புறையிலுள்ள 'தீம்ஸ்' என்னும் கோப்புறையில் இடுதல் வேண்டும். அதன் பெயருக்கு முன்னே ஒரு புள்ளி உண்டு. புள்ளி பெற்ற பெயர்கள் கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்திருத்தல் லினக்ஸின் மரபு. கண்ட்ரோல், எச் ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் அது வெளிப்படும். விரித்த கோப்பிலோ, கோப்புறைக்குள் கோப்புறை அமைந்திருத்தலும் உண்டு. ஒருபடி தவறினும் ஒப்பனையின் பெயர் பட்டியலில் தோன்றாது.

பெயர் தோன்றிய பின்னரும் குழப்பம் தீர்வதில்லை. சாளரங்கள் நிறம் மாறும். திரையின் மேற்பட்டை மாறாது. அதனை மாற்றத் தனி நீட்சி ஒன்று தேவை. படவுருக்களுக்கும் சுட்டிக்கும் உரிய இடம் வேறு. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லிப்அத்வைதா என்னும் நூலகத்தைக் கொண்டு ஆக்கிய செயலிகளோ, இவ்வழியில் தேர்ந்த ஒப்பனையை ஏற்பதில்லை.

இதற்கும் காரணம் உண்டு. பிறர் ஆக்கிய ஒப்பனைகளால் தம் செயலிகளின் தோற்றம் சிதைகிறது என்று செயலி ஆக்குவோர் சிலர் 2019ஆம் ஆண்டில் முறையிட்டனர். எழுத்து மங்கி, பொத்தான் மறைந்துபோனால், பழி செயலியை ஆக்கியவர்மீதன்றோ விழும்? அவர் கவலையில் நியாயம் உண்டு. தன் கணினி தன் விருப்பப்படி விளங்க வேண்டும் என்று கருதும் பயனரிடத்தும் நியாயம் உண்டு.

ஆகவே, குழப்பம் மாணவனின் அறிவுக்குறையால் விளைவதன்று. ஒன்றாகத் தோன்றும் திரை, பலர் கைப்பட்ட பல பகுதிகளின் தொகுதியாகும். எப்பகுதி எவ்விடத்திற்கு உரியது என்று அறிந்து, ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றந்தோறும் சோதித்துப் பார்ப்பவன் தடுமாறான். பொருளறியாத கட்டளைகளை நிர்வாகி உரிமையோடு இயக்குபவனோ கணினியின் அடிப்படைக் கோப்புகளையே கெடுத்துக்கொள்ளக்கூடும். இல்லக் கோப்புறையில் இட்ட ஒப்பனை பொருந்தாவிடின், முந்தைய தோற்றத்தைத் தேர்ந்துகொண்டு அதனை நீக்கிவிடலாம். மீளும் வழியை அறிந்தபின் மாற்றத் தொடங்குதலே அறிவுடைமை.