முப்பது கிலோமீற்றர்

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எங்களுக்கு ஓர் ஒப்படை தந்தார்கள். சொந்தக் கிராமத்தைப் பற்றிய விபரத்திரட்டு. முதலாம் பக்கம் சனத்தொகை, இரண்டாம் பக்கம் போக்குவரத்து. புத்தளத்து அகதி முகாமிலிருந்து படிக்கப் போன நான், மன்னார்த் தீவிலுள்ள எங்கள் ஊரின் பெயரை எழுதினேன். சனத்தொகைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. 1990 ஒக்டோபரில் ஊரோடு நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. விரிவுரையாளர் சிவப்பு மையால் ‘தரவு இல்லை’ என்று குறித்துத் திருப்பித் தந்தார். அவரிலும் பிழை சொல்ல முடியாது.

2018இல் தனுஷ்கோடிக்குப் போனபோது அந்த வெற்று இடம் ஞாபகத்துக்கு வந்தது.

வாப்பாவின் வாப்பா தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை சுமந்தவர். அதனால் தனுஷ்கோடி என்ற பெயர் எங்கள் வீட்டில் பக்கத்து ஊர்போலப் புழங்கியது. 1914 மார்ச்சில் தொடங்கிய கப்பற் சேவை அது. எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்துக் கொழும்புக் கோட்டையில் இறங்குவார். நான் போனதோ கொழும்பு, மதுரை, இராமேஸ்வரம் என்று இரண்டு நாட்பயணம். கடலால் நேரே போனால் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்தான். 2015இல் தலைமன்னார் இறங்குதுறைக்கு ரயில் திரும்பி வந்தது. ஏறிப்போகக் கப்பல்தான் இல்லை.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவுப் புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல் என்கிறார்கள். டிக்கட் இல்லாமல் ஏறியவர்களை யார் எண்ணியது? அதன்பின் மதராஸ் அரசு அதை மனிதர் வசிக்கத் தகாத இடமென்று அறிவித்தது. தண்டவாளம் திரும்பவும் போடப்படவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் அதுவும் நின்றது.

காகிதத்தில் ஊர் முடிந்துபோனது. ஆனால் மீனவர்கள் விடவில்லை. இடிந்த தேவாலயத்தைச் சுற்றியுள்ள மணலில் ஓலைக் குடிசை போட்டு இருந்துவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்கு ரோட்டு இல்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு தார் முடியும். அப்பால் மணலிலும் தண்ணீரிலும் உருளும் வேன், இல்லாவிட்டால் நடை. பிரசவ வலி வந்தாலும் அதே மணல்தான். 2017 ஜூலையில்தான் அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீற்றர் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதுகூட எங்களைப் போன்ற பார்வையாளருக்காக வந்ததென்றே எனக்குப் பட்டது. என்னோடு பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் தேவாலயத்தைத்தான் படமெடுத்தார்கள்.

ஒரு பெண் மணலைக் கையால் தோண்டி, ஊறிய நல்ல தண்ணீரைச் சிரட்டையால் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரு பக்கமும் கடல்.

“எங்கருந்து வர்றீங்க தம்பி?”

“மன்னார் அக்கா. சிலோன்.”

“இந்தா இருக்கே! எங்க வீட்டுக்காரரு ராத்திரி கடல்ல உங்க ஊரு வெளிச்சத்தப் பாத்திருக்காரு.”

இழுவைப் படகுகளைப் பற்றிக் கேட்க வாய் வந்தது. இவர்களுடையவை சிறு வள்ளங்கள் என்பதைக் கண்டு அடக்கிக்கொண்டேன்.

நாங்களும் ஊர் திரும்பியவர்கள்தான் என்றேன். 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தோம். வந்தவர்களில் பலருடைய பதிவு இன்னும் புத்தளத்திலேயே கிடக்கிறது. இப்போது நான் அங்கேதான் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் போதாதென்று ஆசிரியர் தரமாட்டார்கள். ஆசிரியர் இல்லையென்று பிள்ளைகள் வரமாட்டார்கள். பஸ் கேட்டு மகஜர் கொடுத்தபோதும் முதலில் கேட்டது சனத்தொகையைத்தான். இவ்வளவையும் அந்த அக்காவிடம் சொன்னேனா என்பது சரியாக ஞாபகமில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் கேட்டார்:

“திரும்பி வந்தது எத்தன வீடு?”

வீட்டுக்காரர் பெயர்களைச் சொல்லிச் சொல்லி விரலை மடக்கினேன். இருபத்தேழு வரை வந்திருப்பேன். பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். அடுத்த பஸ் எத்தனை மணிக்கோ, ஓடிப்போய் ஏறினேன்.