செவ்வாயில் வீசும் காற்று

தில்லி, ஜெய்ப்பூர் போன்ற நகரங்களில் வாழும் பிள்ளைகள் கோடைக்காலப் புழுதிக்காற்றை நன்கு அறிவர். அங்குள்ளோர் அதனை 'ஆந்தி' என்பர். வானம் மங்கும், கதவுகள் அடித்துக்கொள்ளும், சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். செவ்வாய்க் கோளில் எழும் புழுதிப்புயலோ சில வேளைகளில் கோள் முழுவதையும் மூடிப் பல வாரங்கள் நீடிக்கும்.

1971 நவம்பரில் மாரினர் 9 என்னும் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது தரையே தென்படவில்லை. புழுதிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மட்டும் தெரிந்தன. அவை மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் என்பது புழுதி படிந்த பின்னரே விளங்கிற்று.

செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் புவியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றும் அங்கே முகத்தில் இளங்காற்றாகவே படும். அது விண்கலத்தைச் சாய்ப்பதாகத் திரைப்படத்தில் காட்டுவது வெறும் கற்பனை. அத்துணை மெல்லிய காற்று புழுதியை எவ்வாறு எழுப்புகிறது? நுண்துகள்கள் தரையோடு ஒட்டிக் கிடப்பவை, எளிதில் எழா. சற்றே பெரிய மணல் மணிகளைக் காற்று துள்ளச் செய்கிறது. அவை விழுந்து மோதும் இடத்தில் புழுதி கிளம்புகிறது. கிளம்பிய புழுதி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பப் புதுக்காற்று விரைகிறது. மேலும் புழுதி எழுகிறது. இவ்வாறு புயல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

2004 ஜனவரியில் ஆப்பர்சூனிட்டி என்னும் ஊர்தி அங்கு இறங்கியது. சூரிய மின்தகடுகளின்மேல் புழுதி படியும் என்பதால், 90 நாள் உழைத்தால் போதும் என்றே திட்டமிட்டிருந்தனர். ஆனால் காற்றும் சிறு சுழற்காற்றுகளும் அவ்வப்போது தகடுகளைத் துடைத்துவிட்டன. ஊர்தி 14 ஆண்டுகள் உழைத்து, 45 கிலோமீட்டருக்கு மேல் ஊர்ந்தது.

2018 ஜூனில் பெரும்புயல் சூழ்ந்தது. பகல் இரவாயிற்று. ஜூன் 10-க்குப் பிறகு ஊர்தியிடமிருந்து செய்தி இல்லை. அணுமின்கலத்தால் இயங்கிய கியூரியாசிட்டி ஊர்திக்கு அப்புயலால் கேடில்லை. வெயிலை நம்பியிருந்த ஆப்பர்சூனிட்டியோ உறங்கிவிட்டது. புழுதி அடங்கிய பின்னர் நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மிகும் பருவம். முன்போல் காற்று வந்து தகடுகளைத் துடைக்கும் எனப் பொறியாளர்கள் காத்திருந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அழைத்தனர். கடைசி அழைப்பு 2019 பிப்ரவரி 12 அன்று சென்றது. மறுமொழி வரவில்லை.