கடவுச்சொல்லும் கைத்தொலைபேசி இலக்கமும்

கடவுச்சொல் மட்டும் இனிப் போதாது, கைத்தொலைபேசி இலக்கத்தையும் தாருங்கள் என்று எனது மின்னஞ்சல் சேவை நிறுவனம் கேட்கத் தொடங்கியுள்ளது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் தட்டச்சுச் செய்தால்தான் கதவு திறக்குமாம். "பின்னர் பார்த்துக்கொள்கிறேன்" என்றொரு தெரிவு சில வாரங்கள் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இதன் தேவையை நான் மறுக்கவில்லை. 2013 இல் யாகூவின் 300 கோடிக் கணக்குகளும் ஊடுருவப்பட்டன. அதன் முழு அளவு 2017 இலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடங்களில் வைத்திருப்போரும் நம்மிடையே பலர்.

என் கவலை திறப்பு பற்றியது. கடவுச்சொல் என் நினைவில் இருப்பது. தொலைபேசி இலக்கமோ இன்னொரு நிறுவனத்திடம் இரவல் வாங்கியது. மீள்நிரப்பாது விட்டால் அது செயலிழந்துவிடும், பிறகு வேறொருவர் கைக்கும் போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவிலுள்ள பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த என் நண்பர் ஒருவருக்கு இதுவே நேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர். கடவுச்சொல் சரியாக நினைவிருந்தது. ஆனால் எண்ணோ, உயிரற்றுப்போன இலங்கை இலக்கத்திற்கே அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது. காலஞ்சென்ற மனைவி அவருக்கு எழுதிய மடல்கள் அனைத்தும் அந்தக் கணக்கினுள்தான் இருக்கின்றன. தபாற்கந்தோர் என்றால் நேரில் போய்ச் சண்டையாவது பிடிக்கலாம். இங்கே முறையிட ஒரு மனித முகம் இல்லை.

பத்திரிகையாளன் என்ற வகையில் இன்னொன்றும் உறுத்துகிறது. இலங்கையில் சிம் அட்டை தேசிய அடையாள அட்டையுடன் பிணைக்கப்பட்டது. அநாமதேயமாக எமக்குத் தகவல் தர விரும்பும் ஓர் அரச ஊழியர், புதிய மின்னஞ்சல் கணக்கு ஒன்றைத் திறக்க இலக்கம் கொடுத்த கணமே தம் பெயரையும் கொடுத்தவராகிறார். பாதுகாப்புக்கென வாங்கிய இலக்கம் அதற்கு மட்டுமே பயன்படும் என்று நம்பவும் முடியவில்லை. அவ்வாறு பெற்ற இலக்கங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்தியமைக்காக டுவிட்டர் 2022 மே மாதம் அமெரிக்காவில் 15 கோடி டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது.

போதாக்குறைக்கு, குறுஞ்செய்தி வலுவான பூட்டும் அன்று. 2019 ஓகஸ்டில் டுவிட்டரின் தலைவர் ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கே, அவரது தொலைபேசி இலக்கத்தைத் திருடர் கைப்பற்றியதால் பறிபோனது.

நல்லவேளையாக, எனது நிறுவனம் அமைப்புகளின் உட்பக்கத்தில் வேறு வழிகளையும் ஒளித்து வைத்திருக்கிறது. சிம் இல்லாமலே எண்ணை உருவாக்கித் தரும் செயலி ஒன்று. ஒருமுறை மட்டும் பயன்படும் மாற்று எண்களின் பட்டியல் மற்றொன்று. இவற்றை முன்பக்கத்தில் சொல்லியிருந்தால் என் நண்பர் விமானம் ஏறுமுன் செய்திருப்பார். அந்தப் பட்டியலை அச்சிட்டு, காணி உறுதி இருக்கும் இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பயணம் புறப்படவிருக்கும் என் மைத்துனருக்கும் ஒன்று அச்சிட்டுக் கொடுத்தாயிற்று.