மண் படாத சக்கரம்

பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினால் ஆளுக்கு 20 ரூபாய். மூன்று கிலோமீட்டர் உள்ளே அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் நுழைவாயில். அங்கிருந்து வடிவமைப்புத் துறைக்கு வெயிலில் இன்னும் அரை கிலோமீட்டர் நடை. பிளஸ் டூ முடித்த அக்கா மகளுக்கு பி.டெஸ். படிக்க ஆசை. அவளோடு நான் போயிருந்தேன்.

வரவேற்பறையில் ஏசி குளிர் நடுக்கியது. கோட் போட்ட இளைஞர் வழவழப்பான கையேடு ஒன்றை நீட்டினார். நான்கு வருடப் படிப்பு. முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி. பிறகு துணி, பொருள் வடிவமைப்பு, கிராஃபிக்ஸ், அனிமேஷன் என்று பிரிந்துபோகலாம். கட்டணம் வருடத்துக்கு 3,60,000. விடுதியும் சாப்பாடும் 1,70,000. கையேட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன்: நான்கு வருடத்துக்கு 21 லட்சத்து 20 ஆயிரம். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு ஏற்பத் தள்ளுபடி உண்டாம். ஓவியம் வரையப் போகிற பிள்ளைக்கு வேதியியல் மார்க்கைப் பார்த்துச் சலுகை!

பக்கத்து நாற்காலிக்காரர், “கவர்மென்ட் காலேஜ்ல இதெல்லாம் இல்லையா?” என்று கேட்டார். “அங்கல்லாம் பழைய பாணி சார்” என்று கோட்டுக்காரர் சிரித்தார். பெரியமேட்டு அரசு கவின்கலைக் கல்லூரியே 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் தொடங்கிய தனியார் பள்ளிதான். இரண்டு வருடம் கழித்து அரசு எடுத்துக்கொண்டது. அதைச் சொல்லி வாதாட இடம் அதுவல்ல.

சுற்றிக் காட்ட மூன்றாம் வருட மாணவி ஒருத்தியை அனுப்பினார்கள். முதலில் கம்ப்யூட்டர் லேப். திரைகள் பளபளத்தன. பின் வரிசை நாற்காலிகள் சிலவற்றில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. “நாங்க சொந்த லேப்டாப்லதான் செய்வோம்” என்றாள் அந்தப் பெண். விலை கேட்டேன். தொண்ணூறாயிரமாவது வேண்டுமாம், கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்தது மட்பாண்ட அறை. ஆறு மின்சாரச் சக்கரங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றின் தட்டை விரலால் தடவினேன். தூசி ஒட்டியது, மண் ஒட்டவில்லை. சூளையின் கதவைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தேன். தொடர்ந்து சுடுகிற சூளையில் மெருகு வழிந்து தட்டுகளெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும். இங்கே தட்டுகள் கடையிலிருந்து வந்த நாள் போலவே வெள்ளை. “போன செமஸ்டர் முழுக்க இங்கதான் ஒர்க்‌ஷாப் நடந்துச்சு” என்று வழியில் சேர்ந்துகொண்ட அலுவலர் சொன்னார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். அடியில் சேறு கிடையாது.

இப்படியே போயிருந்தால் மதியத்துக்குள் கிளம்பியிருப்போம். மாடிப்படி ஏறியதும் மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாடை வந்தது. ஸ்கிரீன் பிரின்டிங் அறை. தொட்டியில் சிவப்பும் நீலமும் கறையாக ஏறியிருந்தன, சுவிட்ச் பலகையில்கூட மஞ்சள் விரல்ரேகை. கொடியில் ஈரத் தாள்கள் தொங்கின. எதிர் அறையில் கைத்தறி. முழம் அளவுக்கு நெய்து நின்ற துணியில் ஓரிடத்தில் ஊடை தப்பியிருந்தது. “அது நான்தான்” என்றாள் எங்கள் வழிகாட்டி, கொஞ்சமும் வெட்கப்படாமல். அந்தப் பிசகைப் பார்த்ததில் எனக்குத் தெம்பு வந்தது.

முதல் வருட வகுப்பின் சுவரில் பன்னிரண்டு பிரிவு வண்ணச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சாயலில். ஜெர்மனியின் வைமர் நகரில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில் யோஹான்னஸ் இட்டன் முதல் கட்ட மாணவர்களுக்குக் கொடுத்த வண்ணப் பயிற்சியின் வழி இது. பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பை அளவெடுத்து, குறுக்காக வெட்டினால் எப்படி இருக்கும் என்று வரைந்த தாள்கள். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இந்தச் செம்பைத்தான் கொண்டாடினார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. தாள்களில் அழித்து அழித்து வரைந்த தடம் இருந்தது. ஆசிரியர் பென்சிலால் கழுத்து வளைவைத் திருத்தியிருந்தார்.

மரப்பட்டறை கட்டடத்தின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே. மூலைகளில் மரத்தூள் கணுக்கால் உயரம். பொறுப்பாளரைப் பிள்ளைகள் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா மகள் இழைப்புளியை எடுத்ததும், “மரத்த அப்புறம் தொடலாம் பாப்பா. மொதல்ல உளியத் தீட்டப் பழகணும்” என்றார். தீட்டுக்கல் நடுவில் குழி விழுந்து தேய்ந்திருந்தது. பல கைகள் பட்டால்தான் அப்படித் தேயும்.

திரும்பும் வழியில் வேலை கிடைத்தவர்களின் படச் சுவர். கம்பெனிப் பெயர்கள் பெரிய எழுத்தில், துறை பொடி எழுத்தில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் பெரும்பாலும் பொறியியல் பிள்ளைகள். வடிவமைப்பு என்று போட்டிருந்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின.

கேன்டீனில் டீ 15 ரூபாய், சமோசா 20. அலுவலர் நகர்ந்துவிட்டிருந்தார். தாள், மார்க்கர், எம்.டி.எஃப். பலகை, பிரின்ட் என்று முதல் வருடம் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் போனதாக அந்தப் பெண் சொன்னாள். அப்பாவிடம் தவணை தவணையாகக் கேட்டாளாம்.

அக்கா மகள் தயங்கித் தயங்கி, “மறுபடி சேரச் சொன்னா இங்கயே சேருவீங்களாக்கா?” என்று கேட்டாள்.

“துணிக்கும் மரத்துக்கும்னா சேருவேன். அனிமேஷன்னா வேற இடம் பாரு. மண்ணுன்னா பெரியமேட்டுக்கு அப்ளிகேஷன் போடு, அங்க அதுக்குன்னு தனித் துறையே இருக்கு.”

வெளியே வரும்போது கோட்டுக்காரர் வழிமறித்தார். இன்றே 25,000 கட்டினால் இடம் உறுதி, தள்ளுபடியும் உறுதி என்றார். சேராவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேட்டேன். விண்ணப்பத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். வராது என்று போட்டிருந்தது. அக்கா மகளே முந்திக்கொண்டு, “பெரியமேட்டையும் பார்த்துட்டு வரோம் சார்” என்றாள்.